பூங்கொத்தி இல்லாத ஊர்

மரம் இதுதான். கல்லூரியின் தாவரவியல் கட்டடத்துக்குப் பின்னால், ஒழுகுகிற குழாயை ஒட்டி நிற்கும் தேன்பழ மரம். அதன் நிழலில் பழைய மாணவர்கள் பெயர் பொறித்த சிமெண்டு பெஞ்சு. பியூலா சிஸ்டர் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் எழுதியிருந்த அடையாளங்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை என்பதே ஆவுடையப்பனுக்கு முதல் எரிச்சல். அடையாளம் சொல்வதிலாவது அந்தப் பெண் ஒரு தப்புப் பண்ணியிருக்கலாம். கோடை விடுமுறை, வளாகத்தில் ஈ காக்கை இல்லை என்று எழுதலாம், ஆனால் காக்கை நிறைய இருந்தது. வாசலில் காவலாளி, "என்ன சார், பிள்ளைகளே லீவுல போயாச்சு, நீங்க குருவிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்க வந்தாச்சா?" என்று கேட்டுச் சிரித்தபோது இவரும் சிரித்து வைத்தார். உண்மையில் அவர் அட்டெண்டன்ஸ் எடுக்க வரவில்லை, ஆப்சென்ட் போட வந்திருந்தார். இந்த மரத்தில் பூங்கொத்தி கிடையாது. இந்த மரம் என்ன, பாளையங்கோட்டையிலேயே கிடையாது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பழைய மரங்களை வெட்டியபோது, அதில் படர்ந்திருந்த புல்லுருவியும் போயிற்று, புல்லுருவிப் பழத்தைத் தின்று பிழைத்த அந்தக் கட்டைவிரல் அளவுப் பறவையும் போயிற்று. சொன்னவர் அவர். வாசகர் வட்டத்தில் 'பூங்கொத்தி இல்லாத ஊர்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசியபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடை இப்போதும் பீரோவில், மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்து பைனாகுலரை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அதுதான் அவர் பாணி. குழுவில் மற்றவர்கள் மரத்தடிக்குப் போனதும் அண்ணாந்து அண்ணாந்து கழுத்தைச் சுளுக்கிக்கொள்வார்கள். இவர் மட்டும் கோயிலுக்கு வந்தவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்தா, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குக்குறுவான், டொங்கு டொங்கு என்று பித்தளைப் பாத்திரம் தட்டுகிறது. வேலியில் தையல்சிட்டு. செம்போத்து ஒன்று எங்கோ புதருக்குள்ளிருந்து அடிவயிற்றில் குரல் எடுக்கிறது. தவிட்டுக்குருவிகள் கூடி வழக்கம்போலச் சண்டை. எல்லாம் கேட்கிறது. சுத்தமாகக் கேட்கிறது. பூங்கொத்தி இருந்தால் அதுவும் கேட்டிருக்கும். அது இலைக்குள் இருக்கும், புழுதி நிறம், ஒரு நிமிஷம் ஒரு கிளையில் நிற்காது. அதை யாரும் தேடிக் கண்டுபிடித்ததில்லை. முதலில் காதில் விழும், டிக் டிக் டிக் என்று வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி, அதையும்விட மெல்லிசாக. பிறகுதான் கண் அங்கே போகும். கேட்கவில்லையென்றால் இல்லை. இதைவிட எளிமையாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் கண்ணைத் திறந்து ஒருமுறை மரத்தைப் பார்த்துக்கொண்டார், மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை. அக்னி நட்சத்திரம், வெயில் முழுசாக ஏறுவதற்கு முன்பே சிமெண்டு பெஞ்சு கணகணவென்றிருந்தது. பக்கத்தில் குழாய் ஒழுகும் சத்தம், அதுவும் கேட்டது. சொட்டு, சொட்டு. இந்தக் காதை வைத்துக்கொண்டு ஒருத்தன் பயப்படலாமா. பயம் என்று யார் சொன்னது இப்போது. யாரும் சொல்லவில்லை.

குழுவில் ஒரு பழக்கம். பறவையின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துப் போட வேண்டும். கண்ணால் கண்டிருந்தால் 'பா', குரலை மட்டும் கேட்டு அறிந்திருந்தால் 'கே'. ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே அவர்தான். பா போட யாராலும் முடியும், ஒரு கேமராவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஆயிற்று. கே போட நெஞ்சில் தைரியம் வேண்டும். படம் கிடையாது, சாட்சி கிடையாது, கேட்டவர் சொல்லை ஊர் நம்ப வேண்டும். குழுவில் அப்படி ஒரே ஒருவரைத்தான் ஊர் நம்பியது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற அன்றைக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம் ஓடவேயில்லை, ஆனால் குழுவில் பையன்கள் வைத்த 'கே சார்' என்ற பட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, நேற்றுச் சேர்ந்தவள், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு குருவி பார்க்க வருகிறவள், யாரிடமோ இரவல் வாங்கிய பைனாகுலரைத் திருகத் தெரியாமல் திருகுகிறவள், போன வாரம் எழுதுகிறாள்: 'பூங்கொத்தி, ரெண்டு. கே.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் வேறு. பா என்று போட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு எரிந்திருக்காது. கண் யாருக்கும் ஏமாறும். கே போட்டாளே. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து ஒட்டி உட்கார்ந்த மாதிரி. உடனே கைதட்டல் என்ன, மலர்க்கொத்து என்ன, 'சூப்பர் சிஸ்டர்' என்ன. அவர் ஒரு கேள்விக்குறி போட்டார். 'தேன்சிட்டா இருக்கும் சிஸ்டர், ஆரம்பத்தில் குழப்பம் வரும்' என்று பெரிய மனசு பண்ணி எழுதினார். அவள் கும்பிடுகிற கை போட்டாள். மறுநாள் மறுபடியும்: 'பூங்கொத்தி. கே. தேன்சிட்டு இல்ல சார், மன்னிக்கணும்.' அந்த மன்னிக்கணும்தான் அவரைத் தூங்கவிடவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் ஒரு பிடி பிடித்திருக்கலாம். மரியாதையாகப் பேசுகிறவளை என்ன செய்வது.

பொறாமை இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அறிவியல். அறிவியலில் பொறாமைக்கு என்ன வேலை. ஆனால் போன ஞாயிறு நடைக்குப் பிறகு டீக்கடையில் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்களே, அதை அவர் மறக்கவில்லை. அவள் ஏதோ சொல்ல, எசக்கி சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். எட்டு வருஷமாக இவரோடு நடக்கிறவன், இவர் சொன்ன எதற்கும் டீயைக் கொட்டிக்கொண்டதில்லை. இவர் ஓரமாக நின்று வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். பொறாமை என்று இதற்குப் பெயர் வைக்கலாம் என்றால் வைத்துக்கொள்ளட்டும், வயித்தெரிச்சல் என்றும் வைக்கலாம், வயிறு எரியத்தான் செய்தது. எரிகிற வயிற்றோடுதான் காலையில் மனைவி பிரமுவிடம் சொல்லாமல் கிளம்பி வந்தார். சொல்லியிருந்தால், 'ஒரு பொம்பளப்பிள்ளை சந்தோசமா நாலு வார்த்த எழுதினா உங்களுக்கு என்ன' என்று கேட்டிருப்பாள். பிரமு இப்படித்தான் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். மெஷின் கத்துது, காதுல விழலியா என்பாள். துணி துவைக்கிற மெஷின் முடிந்ததும் பீப் அடிக்குமாம், அவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா இருக்கிறாராம். பீப் அடித்தால்தானே. அதை ரிப்பேர் பண்ண ஆளைக் கூப்பிட்டதே அவர்தான். வந்த பையன் பொத்தானை அமுக்கிவிட்டு, "நல்லாத்தான அடிக்கு சார்" என்றான். "எங்கடே அடிக்கு?" என்று கேட்டார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு பிரமுவின் முகத்தைப் பார்த்தான், பையை மூடினான். இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தொழில் தெரிவதில்லை. சில்வண்டு விஷயமும் அப்படித்தான். சாயங்காலம் ஆனால் காதைக் கிழிக்கிற சில்வண்டு இரண்டு கோடையாக இல்லவே இல்லை, பூச்சிமருந்து தின்றுவிட்டது என்று குழுவில் எழுதினார். யாரோ ஒருத்தன், 'எங்க தெருவுல தாங்க முடியல சார்' என்று பதில் போட்டான். 'அது டிரான்ஸ்பார்மர் இரைச்சல் தம்பி' என்று எழுதி வாயை அடைத்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவருக்கு டிரான்ஸ்பார்மர் தெரியாதா. உலகம் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டே வருகிறது, அதைக் கவனிக்கிற ஒரே ஆள் தான் என்று அவருக்கு ஒரு துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்தில் ஒரு பெருமையும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணை மூடியிருந்தால் ஒரு கஷ்டம், கூப்பிடாதவர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். அப்பா வந்தார். கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போயிருந்தது. கல்யாண வீடுகளில் அவரை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார்கள். பெரிய அத்தான், கேலிக்காரர், அப்பாவுக்கு முன்னால் போய் நின்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார், கையை ஆட்டுவார், புருவத்தைத் தூக்குவார், உலக விஷயம் பேசுகிற மாதிரி. அப்பா முகத்தை உற்றுப் பார்ப்பார். பிறகு தலையை ஆட்டுவார். ஆமா மாப்ளே, ஆமாமா, வாஸ்தவம். பந்தலே சிரிக்கும். எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று அப்பாவும் சிரிப்பார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் ஆவுடையப்பனுக்கு இன்றைக்கும் கழுத்துக்குப் பின்னால் சில்லிடும். அப்பாவுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. இவருக்கு இன்னும் அறுபத்தைந்துகூட முடியவில்லை. அதோடு குக்குறுவான் கேட்கிறது, செம்போத்து கேட்கிறது, குழாய்கூடக் கேட்கிறது. சொட்டு, சொட்டு. இதை எதற்கு இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு போனை எடுத்தார். 'கல்லூரி வளாகம், தேன்பழ மரம். நேரில் அமர்ந்து கவனித்தேன். பூங்கொத்தி இல்லை.' எழுதி முடித்தாயிற்று. அனுப்புகிற பொத்தானின்மேல் கட்டைவிரல் இருக்கும்போது பின்னாலிருந்து, "சார்! நீங்களா? நான் காவக்காரருன்னு நினைச்சிட்டேன்!" என்று ஒரு குரல்.

பியூலா சிஸ்டர். வெள்ளைச் சீருடைமேல் ஒரு துப்பட்டா, தோளில் டிபன் பை, கழுத்தில் அந்த இரவல் பைனாகுலர். இரவு முழுக்க விழித்த கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் என்னவோ இப்போதுதான் குளித்து வந்த மாதிரி. நாற்பது வயது இருக்கும். போனை அவர் சட்டைப் பைக்குள் போட்டார், சுடுகிற பாத்திரத்தை வைக்கிற மாதிரி.

"எனக்காகவா சார் வந்திய? நான் சொன்னத நம்பி?" என்றாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, அதுதான் அவருக்குச் சங்கடம்.

"ஆமா சிஸ்டர். உறுதி பண்ணணும்லா. ஒரு மணி நேரமா இருக்கேன். ஒண்ணையும் காணல."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "காணலியா?" தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். பிறகு சிரித்தாள். "சோதிக்கியளா சார்? இப்பக்கூடக் கத்திக்கிட்டுத்தான இருக்கு."

குக்குறுவான் தட்டியது. தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டன. இரண்டுக்கும் நடுவில் அவர் துழாவினார், இருட்டில் தீப்பெட்டி துழாவுகிற மாதிரி. ஒன்றும் இல்லை. இல்லாத ஒன்றைக் கேட்கிறதாகச் சொல்கிறாள், பிடித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் மனசு துள்ளக்கூடச் செய்தது. வேண்டும் இவளுக்கு. எசக்கி டீயைக் கொட்டட்டும் இப்போது.

"வாங்க, இந்தப் பக்கம் வாங்க," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "குழுவுல இதச் சொல்லல சார். கோடையில கூடு இருக்க எடத்தப் போடக் கூடாதுன்னு நீங்க கண்டிசன் போட்டிருக்கியள்லா, அதான். உங்ககிட்ட மட்டும் காட்டணும்னு இருந்தேன். அந்தா, ரெண்டாவது கிளை, பட்டுப்போன இல இருக்குல்லா, அதுக்குக் கீழ."

பைனாகுலரைத் தூக்கினார். பட்ட இலை. அதற்குக் கீழே பழைய சுருக்குப் பை மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, பழுப்பாக, சிலந்திநூலும் பஞ்சும் வைத்து இழைத்தது. பக்கத்துக் குச்சியில், அலகில் சிவப்புத் தேன்பழத் தோல் ஒட்டியிருக்க, புழுதி நிறத்தில், கட்டைவிரல் அளவில். அவருக்குத் தெரியாதா அது. இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும் அவரைவிட. மூன்று கோடைக்கு முன்னால் அவர் அடக்கம் பண்ணிய பறவை, பொன்னாடை வாங்கிய பறவை, வளைந்த சின்ன அலகோடு குச்சியில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அலகைத் திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது. தொண்டைச் சிறகு ஒவ்வொரு தடவையும் துடித்தது. சத்தம் இல்லை. அலகு அசைகிறது, சத்தம் இல்லை. பெரிய அத்தான் அப்பாவுக்கு முன்னால் நின்று வாயை அசைக்கிறார். கூட்டுக்குள்ளிருந்து ஒரு குஞ்சு, அந்த இல்லாத சத்தத்துக்கு, செக்கச்செவேலென்று வாயைப் பிளந்தது.

"சும்மா வாயத் திறக்கு," என்றார். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "சத்தம் போடல அது."

பியூலா சிரிக்க ஆரம்பித்தாள், அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். "போடுது சார்," என்றாள் மெதுவாக. "டிக் டிக் டிக்னு. உங்களுக்குக் கேக்கலியா?"

அப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது, தடுக்க முடியவில்லை. மெஷின் அடித்திருக்கிறது. பையன் பையை மூடியது அதனால்தான். குழுவில் பதில் போட்ட அந்தத் தம்பியின் தெருவில் கத்தியது டிரான்ஸ்பார்மர் இல்லை. சில்வண்டு ஊர் முழுக்கக் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பூங்கொத்தி எங்கும் போகவில்லை, மூன்று கோடையாகத் தலைக்குமேல் உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகம் இருண்டது என்று பேச, பூனைக்குப் பொன்னாடையும் போர்த்தியிருக்கிறார்கள். போனது பறவை இல்லை. போனது அவர் காது. அதுவும் முழுதாகப் போகவில்லை, மெல்லிசான சத்தங்கள் இருக்கிற மேல் ஓரம் மட்டும், கரையான் அரித்த புத்தகம் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல். பூங்கொத்தி இருக்கிறது என்பதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கூட்டோடு இருக்கிறது, குஞ்சோடு இருக்கிறது, ஊர் அவர் சொன்ன அளவுக்குச் சாகவில்லை. அந்தச் சந்தோஷம் வரவில்லை. வந்தது பொறாமைதான், இத்தனை நாள் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி. கைதட்டலுக்கும் சிவப்பு இதயத்துக்கும் பட்டதெல்லாம் சில்லறை. இப்போது அவர் அவளுடைய காதைப் பார்த்தார். சாதாரணக் காது, பொட்டுத் தோடு, மேலே முடி ஒதுக்கியிருந்தது. ராத்திரி முழுக்க நோயாளிகளின் முனகலைக் கேட்ட காது, அதற்குள் இப்போது அவருடைய டிக் டிக் டிக் சும்மா போய் விழுந்துகொண்டிருக்கிறது, அவள் பாட்டுக்குத் துப்பட்டாவைச் சரிபண்ணிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் குஞ்சின்மேல்கூடப் பொறாமையாக இருந்தது. கண்ணே திறக்காதது, அதற்குக் கேட்கிறது.

"சார்? கேக்குதா இப்ப? இப்பச் சத்தமாவே போடுது."

அவருடைய தலை ஆடத் தொடங்கியது. அவர் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது, ஆமா, ஆமாமா, வாஸ்தவம். எவ்வளவு எளிது. ஒரு தலையாட்டல், குழுவில் போய் 'பூங்கொத்தி, இரண்டு, கே' என்று அவர் பெயரில் ஒரு வரி, சாலை அகலப்படுத்திய பிறகு திரும்பி வந்துவிட்டது என்று இன்னொரு கூட்டம், இன்னொரு பொன்னாடை. யாருக்கும் தெரியாது. கே-க்குத்தான் சாட்சி கிடையாதே. அப்பாவுக்கும் தெரிந்திருக்குமோ, அத்தான் வாயைத்தான் அசைக்கிறார் என்று. தெரிந்தேதான் ஆட்டினாரோ. இந்த நினைப்பு வந்ததும் கழுத்து அப்படியே நின்றது. நெடுநேரம் பைனாகுலரை இறக்காமல் நின்றார், கண் நனைந்து கண்ணாடி மங்கியதும் இறக்கினார்.

பெஞ்சில் போய் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். 'பூங்கொத்தி இல்லை' என்று எழுதி வைத்திருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். இரண்டு தடவை தப்பாக அடித்தார். பிறகு எழுதினார்: 'பூங்கொத்தி, ரெண்டு. பியூலா சிஸ்டர் - கே. ஆவுடையப்பன் - பா.' அனுப்பினார். அனுப்பிய மாத்திரத்தில் பியூலாவின் டிபன் பைக்குள் அவள் போன் அதிர்ந்தது. அவள் எடுத்து வாசித்தாள். அதற்குள் எசக்கி கேட்டுவிட்டான்: 'என்ன கே சார், பா-வா? உடம்பு சரியில்லியா?' பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை. பியூலா அதையும் வாசித்தாள், அவர் எழுதியதை மறுபடி வாசித்தாள். நர்ஸ். இதைவிடச் சின்ன அறிகுறியை வைத்தெல்லாம் இதைவிடப் பெரிய வியாதிகளைக் கண்டவள். டாக்டரைப் பாருங்க என்பாள், காதுக்கு மெஷின் மாட்டிக்கிடலாம் சார் என்பாள், அடடா என்பாள், எதைச் சொன்னாலும் அவர் எழுந்து போய்விடுவதாக இருந்தார்.

அவள் பெஞ்சின் மறு நுனியில் வந்து உட்கார்ந்தாள், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது. அவருக்குப் பொறாமை போகவில்லை, குறையக்கூட இல்லை, நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. குச்சியில் அலகு மூடியிருந்தது.

"நிறுத்திட்டு சார்," என்றாள் அவள், மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

குக்குறுவான்கூட ஓய்ந்திருந்தது. குழாய் மட்டும் சொட்டியது.

"இந்தா," என்றாள் கொஞ்சம் கழித்து. "மறுபடி ஆரம்பிச்சிட்டு."

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "எப்படிப் போடுது?" என்றார். "சொல்லுங்க சிஸ்டர்."